முப்பத்தொரு மில்லிமீட்டர் கண்ணும் முகூர்த்தத் தேதியும்

சேவூர், ஆரணி
புரட்டாசி 18

மரியாதைக்குரிய சம்பந்தி தேவிகாபுரம் குமரேசன் அவர்களுக்குச் சேவூர் சுப்பராயலு வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. படவேட்டு ரேணுகாம்பாள் புண்ணியத்தில் இங்கே நானும் என் மனைவி ஜெயமும் மாப்பிள்ளைப் பையன் பாலமுருகனும் சௌக்கியம். என் கண்கள் இரண்டும் மட்டும் சௌக்கியமில்லை. அங்கே தாங்களும், சம்பந்தியம்மாளும், என் வருங்கால மருமகள் சங்கீதாவும், தாங்கள் போட்டிருக்கும் வேர்க்கடலையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் தாங்கள் நடுநடுவே பேசுவீர்கள். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஐப்பசி 26 என்று நாம் குறித்த முகூர்த்தத்தைத் தை மாதத்துக்குத் தள்ளி வைக்க வேண்டும். பதறாதீர்கள். பையனுக்கு வேறு எண்ணம் எதுவும் இல்லை, பெண்ணிடம் எங்களுக்கு ஒரு மனக்குறையும் இல்லை. என் கண் எவ்வளவு நீளம் என்பது இன்னும் முடிவாகவில்லை, அவ்வளவுதான். சிரிக்காமல் மேலே படியுங்கள்.

நிச்சயதார்த்தத்தன்று நடந்ததைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்; மறக்கக்கூடிய சமாச்சாரமா அது? இருபத்திரண்டு பவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கண்ணுக்குள்ளே புரை வேறு பாலாடை மாதிரி படர்ந்திருக்க, தாங்கள் என்று நினைத்து வீடியோக்காரரின் விளக்குக் கம்பத்துக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, "என்ன சம்பந்தி, உடம்பு இப்படிக் கொதிக்குது, காய்ச்சலா?" என்று விசாரித்தேன். கம்பம் பதில் சொல்லவில்லை. சீர்வரிசையில் ஏதோ மனவருத்தம் போலிருக்கிறது என்று நினைத்துக் கம்பத்திடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். பக்கத்தில் நின்ற தாங்கள் சபையில் வைத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, அது தங்கள் பெருந்தன்மை. பந்தியில் பாயசம் வந்தபோதுதான் மெதுவாக, "கல்யாணத்துக்குள்ள கண் ஆபரேஷன் பண்ணிக்கோங்க சம்பந்தி, தாலி எடுத்துக் குடுக்கற நேரத்துல எதையாவது எடுத்துக் குடுத்துடப் போறீங்க" என்றீர்கள். அந்த ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டுத்தான் இத்தனை பேஜாரும்.

என் தொழில் தங்களுக்குத் தெரியும், ஆனால் முழுதாகத் தெரியாது. பட்டுச் சங்கத்தில் முப்பத்தெட்டு வருஷம் சேலைக்குத் தரம் பார்த்தவன் நான். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் காலை பத்து மணிக்குப் போய் அதே நாற்காலியில் உட்காருகிறேன். யாரும் வரச் சொல்வதில்லை, போகச் சொல்லவும் யாருக்கும் துணிச்சல் இல்லை. மற்றவர்கள் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். நான் இருக்கிற கண்ணாடியையும் கழற்றிவிட்டுச் சேலையை மூக்கு நுனிக்குக் கொண்டு வருவேன். என்னைப் போன்ற கிட்டப்பார்வைக்காரனுக்குக் கண்ணிலிருந்து மூன்று விரற்கடை தாண்டினால் உலகமே புகை. மூன்று விரற்கடைக்குள்ளே ஒரு இழை பிசகினாலும் தாம்புக்கயிறு கணக்காகத் தெரியும். நான் பார்த்துத் தேர்ச்சி கொடுத்த சேலைக்கு நெசவாளர்கள் 'மூக்கு சர்டிபிகேட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மரியாதையாகத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. முகூர்த்தப் புடவையை மாப்பிள்ளையின் தகப்பன் இழை இழையாகப் பார்த்து, "தேறியது" என்று வாயால் சொன்ன பிறகுதான் முனையில் மஞ்சள் தடவித் தட்டில் வைப்போம். சங்கீதாவுக்கான புடவையைப் பார்த்திபனிடம் கொடுத்திருக்கிறேன். ஆரணியில் அவனை விட நல்ல கை இல்லை. இதை அவனிடம் நான் சொன்னதில்லை. இதுவரை இரண்டு சேலை நெய்து கொண்டு வந்தான், இரண்டையும் திருப்பி அனுப்பினேன். முதலாவதில் கரையோரம் ஒரு இழை தளர்ந்திருந்தது. இரண்டாவதில் முந்தானையில் ஐம்பத்திரண்டு மயில். அதில் முப்பத்தேழாவது மயிலுக்கு அலகில் ஜரிகை ஒரு இழை குறைவு. அதைக் கண்டுபிடிக்க வெயிலில் இரண்டு மணி நேரம் ஆயிற்று. புரை வராத காலமாக இருந்தால் பத்து நிமிஷம். பார்த்திபன் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஐயா, பொண்ணு கட்டிகினு மேடையில ஒக்காந்தா முப்பத்தேழாவது மயிலை எவன் எண்ணப் போறான்?" என்றான். "நான் எண்ணுவேன்" என்றேன். அதற்கு அவன் ஒரு கேள்வி கேட்டான் பாருங்கள்: "நீங்க என்னிக்காவது ஒரு சேலைய முழுசா பாத்திருக்கீங்களாய்யா?" திமிர்ப் பேச்சு. மூன்றாவது சேலை இப்போது தறியில் இருக்கிறது. அதைப் பார்க்க எனக்குக் கண் வேண்டும்.

ஆக, ஊரில் உள்ள ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு ஜெயத்தோடு போனேன். டாக்டர் லாவண்யா என்று ஒரு சின்ன வயது அம்மாள், நல்ல பொறுமைசாலி. புரையை எடுத்துவிட்டு உள்ளே லென்ஸ் வைக்க வேண்டும், எந்த லென்ஸ் என்று கணக்குப் போட முதலில் கண்ணின் நீளத்தை முன்னாலிருந்து பின்சுவர் வரைக்கும் அளக்க வேண்டும், ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் பார்வை எங்கேயோ போய் நிற்கும் என்று சொல்லி, அளக்கிற பெண் தீபாவிடம் அனுப்பினார். அந்தப் பெண் என் மோவாயை ஒரு மெஷினில் வைத்து, "ஐயா, ஆடாம செவப்பு லைட்டையே பாருங்க" என்றாள். பார்த்தேன். "ஐயா, லைட்டைப் பாருங்க." பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன். ஐந்து நிமிஷம் கழித்து, "ஐயா, அது என் வளையலுங்க" என்றாள். வளையலைக் கழற்றிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு சிவப்பாக எதுவுமே எனக்குத் தெரியவில்லை. புரை கெட்டியாக இருப்பதால் மெஷினின் வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பவில்லை என்று சொல்லி, கண்ணுக்கு மரத்துப்போகிற சொட்டு விட்டு, பேனா மாதிரி ஒரு கோலைக் கருவிழியில் தொட்டுத் தொட்டு அளக்க ஆரம்பித்தாள்.

இங்கேதான் தகராறு ஆரம்பம். முதல் அளவு முப்பது புள்ளி இரண்டு. அடுத்தது முப்பத்தொன்று. அதற்கடுத்தது முப்பத்தொன்று புள்ளி ஏழு. நான் எழுந்துவிட்டேன். முப்பத்தெட்டு வருஷம் அளவு பார்த்தவனிடம் ஒரே சாமானுக்கு மூன்று அளவா? "ஏம்மா, நீ கோலை அழுத்தறே. பட்டை அழுத்திப் புடிச்சு அளந்தா ஒரு அளவு, தளர வுட்டு அளந்தா ஒரு அளவு. இது கண்ணா, கடைத்தெரு ரிப்பனா?" என்று சத்தம் போட்டேன். ஜெயம் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்தார். மன்னிப்புக் கேட்கச் சொல்வார் என்று பார்த்தால், "சார் சொல்றது சரிதான் தீபா. கோல் கொஞ்சம் அழுந்தினாலும் கண்ணு நசுங்கி நீளம் கொறைஞ்சு காட்டும்" என்றார். சம்பந்தி, கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில், ஜெயத்தின் முன்னிலையில் ஒருவர் "சார் சொல்றது சரி" என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

அதோடு விடவில்லை, டாக்டரம்மா படம் போட்டும் காட்டினார். என் மாதிரி நீளக் கண்ணுக்குப் பின்சுவர் ஒழுங்காக இருக்காதாம். ஒரு பக்கம் குழிந்து பின்னால் தள்ளிக்கொண்டு போயிருக்குமாம். கோலிலிருந்து போகிற ஒலி அலை எந்த இடத்தில் போய்ப் படுகிறதோ அந்த அளவைக் காட்டுமாம். "தெருவுல பாவு நூலை நீட்டும்போது ஒரு பக்கம் தொய்ஞ்சு போற மாதிரி" என்றேன். "அதேதான் சார்" என்றார். பிறகு படுக்க வைத்து, கண்ணின் மேல் ஒரு குட்டிக் கிண்ணத்தை வைத்து, அதில் தண்ணீர் ஊற்றி, கோல் கண்ணைத் தொடாமல் தண்ணீரை மட்டும் தொடுகிற மாதிரி அளந்தார்கள். முப்பத்தொன்று புள்ளி மூன்று வந்தது. சாதாரண மனிதர்களுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்குதானாம். முப்பத்தொன்று இந்த ஆஸ்பத்திரிக்கே அபூர்வம் என்று தீபா சொன்னாள். நான் ஜெயத்தைப் பார்த்தேன். "எங்கப்பாரு அப்பவே அளந்து பாத்துக் கட்டிக் குடுத்திருக்கணும்" என்றாள். மறுநாள் டீக்கடையில், "முப்பத்தொண்ணு வர்றாருப்பா, எடம் வுடு" என்று எவனோ சொன்னான்.

லென்ஸ் விஷயம் அதை விடக் கொடுமை. இவ்வளவு பெரிய கண்ணுக்கு எவ்வளவு பெரிய பவர் வைக்கப் போகிறார்கள் என்று நான் பூரித்திருக்க, கணக்கைப் போட்டுப் பார்த்து, "பூஜ்யம்" என்றார் டாக்டரம்மா. மற்றவர்களுக்கு இருபது, இருபத்தொன்று வைக்கிறார்களாம். எனக்குப் பூஜ்யம்! காலி லென்ஸை வைத்து அனுப்ப நான் என்ன இளிச்சவாயனா என்று கேட்டேன். கண் நீளமாக நீளமாக உள்ளே வைக்கிற பவர் குறைந்துகொண்டே வருமாம், இன்னும் நீளமாக இருந்தால் பூஜ்யத்துக்கும் கீழே போகுமாம். அதிலும் பழைய கணக்குப்படி வைத்தால் நீளக் கண்காரர்களுக்குப் பார்வை ஒரேயடியாகத் தூரமாகப் போய், தூரமும் தெரியாமல் கிட்டவும் தெரியாமல் நிற்குமாம்; அதனால் வேண்டுமென்றே கிட்டப் பக்கம் கொஞ்சம் உபரி விட்டு வைப்பார்களாம். இதைக் கேட்டதும்தான் எனக்கு அந்த அம்மாள் மேல் நம்பிக்கை வந்தது. நாங்களும் பாவு ஓட்டும்போது சுருங்குவதற்கென்று ஒரு முழம் அதிகம் விடுகிறவர்கள்தானே.

அதன் பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "சார், தூரமா கிட்டயா? எதுக்கு வேணுமோ அதுக்குக் கண்ணாடி இல்லாம தெரியற மாதிரி வெக்கலாம். இன்னொண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கணும்." கிட்ட என்றேன், யோசிக்கவே இல்லை. எவ்வளவு கிட்ட தெரியும் என்று கேட்டேன், ஒரு அடி என்றார். ஒரு அடியில் இழை எப்படித் தெரியும்? மூன்று விரற்கடை வேண்டும் என்றேன். "அது இப்பவே இருக்கே சார், அப்புறம் எதுக்கு ஆபரேஷன்?" என்றார். நியாயமான கேள்வி. அதற்குள் ஜெயம் குறுக்கே புகுந்து, "எதிர்ல நான் வந்தா தெரியணும்னு ஒரு தபாவாவது சொல்றாரா பாருங்க டாக்டரம்மா" என்று அழாத குறையாகச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் இப்படியா மானத்தை வாங்குவது? தங்களிடம் மட்டும் சொல்கிறேன், அவளுக்குத் தெரிய வேண்டாம்: ஜெயத்துக்குத் தொழில் நுணுக்கம் போதாது. அவள் எதிரில் வந்தால் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும், அதற்குத் தனியாக லென்ஸ் தேவையில்லை.

இந்தச் செய்தி எப்படியோ வெளியே போய்விட்டது. மறுநாள் நான் போனபோது டாக்டரம்மா அறைக்குள் பார்த்திபனும் பதினோரு நெசவாளர்களும் பழத்தட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள். என் நலத்துக்காக வந்திருக்கிறார்கள் என்று நெகிழ்ந்து வாசலிலேயே நின்றேன். பார்த்திபன் கை கூப்பி, "அம்மா, ஐயாவுக்குத் தூரம் வெச்சுடுங்க. எவ்ளோ தூரம் முடியுமோ அவ்ளோ தூரம். ஜவ்வாது மலை தெரியட்டும், மலை மேல மாடு தெரியட்டும், எங்க சேலை மட்டும் தெரியக் கூடாது" என்றான். எல்லோரும் கையெழுத்துப் போட்ட மனு வேறு. மனுவை வாங்கி மூக்கில் வைத்துப் படித்தேன். மூன்று இடத்தில் ஒற்றெழுத்து விட்டுப் போயிருந்தது. திருத்தித் திருப்பிக் கொடுத்தேன்.

ஆகவே, இத்தனை பேர் கண் என் கண் மேல் இருக்கும்போது அவசரப்பட நான் தயாரில்லை. இன்னும் நாலு ஊரில் நாலு மெஷினில் அளந்து, நாலும் ஒரே அளவு காட்டி, மூன்று விரற்கடைக்கு லென்ஸ் வைக்கிறேன் என்று யாராவது ஒப்புக்கொண்ட பிறகுதான் ஆபரேஷன். அதன் பிறகு சேலை. அதன் பிறகு முகூர்த்தம். தாங்கள் பெரிய மனது பண்ணித் தையில் ஒரு நாள் பாருங்கள். சம்பந்தியம்மாளுக்கு என் நமஸ்காரம். சங்கீதாவுக்கு என் ஆசீர்வாதம். குழந்தைகள் இருவரும் குறையொன்றும் இல்லாமல், குறை இருந்தாலும் அது என் கண்ணில் படாமல், நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
சுப்பராயலு

பின்குறிப்பு, ஐப்பசி 12: மேலே எழுதியிருக்கும் எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். இதை நான் சொல்லச் சொல்ல ஜெயம் எழுதுகிறாள். கடிதத்தை எழுதி முடித்த அன்றே தபாலில் போடப் புறப்பட்டேன். முனையில் தபால் பெட்டிக்குள் கடிதத்தை நுழைத்தேன். தபால் பெட்டி, "இன்னா பெரியவரே, பாக்கெட்டுல இன்னா வெக்கிறீங்க?" என்று கேட்டது. சிவப்புச் சட்டை போட்ட ஆட்டோக்காரர். அவரே என்னைக் கைப்பிடியாக வீட்டில் கொண்டுவந்து விட்டார். கடிதத்தை மடித்து என் மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு, "டாக்டரம்மாகிட்ட தூரம்னு சொல்லிடு" என்று ஜெயத்திடம் சொன்னேன். கண்ணாடியைத் தலைமாட்டில் வைக்கிற பழக்கம் எனக்கு. அதனால் பெட்டியை யாரும் திறக்கவில்லை. வலது கண் ஆபரேஷன் முடிந்து ஒன்பது நாள் ஆகிறது. இன்றைக்குப் பழைய கண்ணாடியை உள்ளே வைக்கலாம் என்று ஜெயம் திறந்தாள், கடிதம் இருந்தது.

குனியக் கூடாது, எதையும் கண்ணருகே கொண்டு போகக் கூடாது என்று டாக்டரம்மா உத்தரவு. கை நீட்டிப் பிடித்தால் நான் எழுதியதே எனக்குப் புரியவில்லை. அதனால் ஜெயத்தைத்தான் வாசித்துக் காட்டச் சொன்னேன். தொழில் நுணுக்கம் பற்றிய இடம் வருவது எனக்கு ஞாபகம் வந்தபோது அவள் அதைத் தாண்டியிருந்தாள். (ஜெயம் எழுதுவது: அண்ணா, அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை வாசித்துக் காட்டினேன்.)

கண் அருமையாக இருக்கிறது. பூஜ்யம் என்று கேவலமாக நினைத்த லென்ஸ் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. ஒன்று மட்டும் எதிர்பாராதது: என் பழைய கண்ணாடி இத்தனை வருஷம் எல்லாவற்றையும் சின்னதாகக் காட்டியிருக்கிறது. கட்டைப் பிரித்ததும் ஜெயம் எதிரில் வந்தாள். பெரிதாக இருக்கிறாள். (ஜெயம் எழுதுவது: இதை எழுதுவதற்குக் காரணம், சாப்பாட்டு நேரத்தில் இவருக்கு ஞாபகப்படுத்தத்தான்.)

மூன்றாவது சேலையைப் பார்த்திபன் போன புதன்கிழமை கொண்டு வந்தான். கிட்டே வர அவனுக்கு அனுமதி இல்லை. அவனும் அவன் சம்சாரமும் கூடத்தின் அந்தக் கோடியில் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு விரித்தார்கள். நான் இந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தேன். சம்பந்தி, முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு சேலையை நான் முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான். மயில் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு வரிசையாக நடந்து போகின்றன என்பதே எனக்குத் தெரியாது. எனக்கு ஒவ்வொரு மயிலாகத்தான் பழக்கம். பார்த்திபன், "ஐயா, அந்த அலகு..." என்று இழுத்தான். "எந்த அலகு? தேறியது" என்றேன். அவன் அழுதுவிட்டான். முன்னால் திருப்பி அனுப்பிய இரண்டும் கூட இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தபோது எனக்கும் வெட்கமாக இருந்தது. ஆகவே முகூர்த்தம் ஐப்பசி 26-தான். மாலையைத் தங்களுக்கே போடுவேன்.

ஆனால் நெசவாளர்கள் கொண்டாட்டம் இரண்டு நாள்தான். தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவன், எட்டாவது வீட்டு முனையில் இழை அறுந்து தொங்குவதை இங்கிருந்தே சத்தம் போட்டுச் சொன்னேன். நேற்று பன்னிரண்டு பேரும் மறுபடி பழத்தட்டோடு டாக்டரம்மாவிடம் போயிருக்கிறார்கள், இடது கண்ணையாவது கிட்ட வைக்கச் சொல்லி. அதற்கும் அளக்க வேண்டும். இந்த முறை கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றியே அளக்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு விஷயமும் தங்களுக்குத் தெரிய வேண்டும். இன்று காலை சங்கத்துக்குக் கிளம்பித் தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். ஜெயம் வாசலில் நின்று, தன் முந்தானையை மூக்கில் வைத்து முறைத்து, என்னைப் போலவே செய்து காட்டிக்கொண்டிருக்கிறாள், தெருவே சிரிக்கிறது. முப்பத்தாறு வருஷமாகத் தினமும் நடக்கிறதாம். எல்லோரும் சிரித்துவிட்டு உள்ளே போனார்கள். அவள் மட்டும். (ஜெயம் எழுதுவது: மீதியை நான் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன் அண்ணா. பேனாவைப் பிடுங்குகிறார். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.)

அவள் மட்டும் உள்ளே போகவில்லை. நான் முனை திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் முப்பத்தாறு வருஷமாக அப்படித்தானாம். எனக்கு அங்கே வெறும் புகைதான் தெரியும், சம்பந்தி. தெரிந்திருந்தால் கையாவது அசைத்திருப்பேன்.